ஒத்த வயரைக் கவ்விய நண்டு

போடிமெட்டு,
18-11-1984

என் அக்கா பெற்ற ரத்தினம், மருமகன் தங்கபாண்டியனுக்கு உன் தாய்மாமன் காசிமாயன் மனசு குளிர்ந்து எழுதுவது. ஏலக்காய் பறிப்பு முடியும்வரை நானும் உன் அத்தையும் நம் பிள்ளை சண்முகத்தாயும் மலை மேலே காய் உலர்த்துகிற ஸ்டோரில்தான் இருக்கிறோம். எல்லாரும் சுகம். ராசிங்காபுரத்தில் உன் அம்மாவும் சுகம். போன வெள்ளிக்கிழமை ஜீப்பில் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பெங்களூர்க் குளிருக்கு நீ கம்பளி வாங்கினாயா என்று கேட்டாள்.

முதல் செய்தி, ஸ்டோரில் என்னோடு வேலை பார்க்கிற ராக்கையா உயிரோடு இருக்கிறான். அவனுக்கு என்ன வந்தது என்று கேட்பாய். ஒன்றும் வரவில்லை. வராமல் போனது உன்னால்தான். அதற்கு நன்றி சொல்லத்தான் இந்தக் கடிதம்.

லீவில் வந்தபோது நீ கொடுத்துவிட்டுப் போன டாங் டெஸ்டரை ஸ்டோரில் எல்லாரும் நண்டு என்கிறார்கள். வாயைத் திறந்து வயரைக் கவ்வுகிறதல்லவா. வயரை வெட்டாமல், தொடாமல், எவ்வளவு கரண்டு ஓடுகிறது என்று முள்ளு காட்டுவதைப் பார்க்கப் பூப்பாறையிலிருந்து ஜீப்பு ஜீப்பாக ஆள் வந்தது. நானும் சளைக்கவில்லை. கரண்டை அளக்க உன் பெங்களூர்க் கம்பெனியில் செய்கிற சாமான் அத்தனையும் விளக்கினேன். நடுவில் ஓட்டை உள்ள வளையம், பெரிய வயர் அதற்குள் சும்மா நுழைந்து போகும். கரண்டுக் கம்பியே உள்ளே சுற்றி வருகிற ஜாதி ஒன்று. சப்-ஸ்டேஷனில் எண்ணெயைக் குடித்துக்கொண்டு ஆள் உயரத்துக்கு நிற்கிற ஜாதி ஒன்று. பேட்டரிக் கரண்டைக்கூட மோப்பம் பிடிக்கிற புது ஜாதி ஒன்று. நீ நாலுதான் சொன்னாய், நான் பதினெட்டு என்று சொல்லிவைத்தேன். கம்பெனிக்கு ஒரு மரியாதை இருக்கட்டும். அதையெல்லாம் நீ என்னிடம் யோசனை கேட்டுத்தான் செய்கிறாய் என்று ஸ்டோர் முதலாளி நம்பிக்கொண்டிருக்கிறார். நீ வந்தால் அவரைத் திருத்த வேண்டாம்.

இப்போது ராக்கையா கதைக்கு வருகிறேன். மழை விடவில்லை, பச்சைக் காய் லோடு லோடாக இறங்குகிறது, காய் உலர்த்தும் அறை ஒன்றில் காத்தாடி ஓடவில்லை. அதற்கு வயர் வேண்டும். உத்தரத்தை ஒட்டி ஒரு பழைய கேபிள் போகிறது, அது சும்மா கிடக்கிறது என்றுதான் எல்லாருக்கும் நினைப்பு. அதை வெட்டி இங்கே போடுவோம் என்றேன். அதில் கரண்டு ஓடுகிறதா என்று பார்க்கத்தான் நண்டு இருக்கிறதே. கேபிளை முழுசாக அப்படியே கவ்வ விட்டேன். முள்ளு அசையவில்லை. அங்கே நின்ற அத்தனை பேருக்கும் காட்டினேன். ராக்கையா இரும்பு ஏணியில் ஏறிக் கட்டிங் பிளேயரை எடுத்துவிட்டான். நனைந்த சட்டை, வெறுங்கால்.

காய் பொறுக்கிக்கொண்டிருந்த சண்முகத்தாய் முறத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து ஏணியைப் பிடித்துக்கொண்டாள். “சித்தப்பா, வெட்டாதீக. அப்பா மூணு வயரையும் சேத்துல்ல கவ்வ விட்டிருக்காரு. போறதும் வர்றதும் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கிரும், முள்ளு எந்திரிக்காது. ஒத்த வயர்ல போட்டுப் பாருங்க.”

நான் விடுவேனா. தங்கபாண்டி கையால் இதை வாங்கினது நானா நீயா, போய் முறத்தைப் பார் என்று விரட்டினேன். உங்க பிள்ளைக்கு என் மேல இருக்கிற பிரியம் உங்களுக்கு இல்லையேண்ணே என்று ராக்கையா மேலேயிருந்து சிரிக்கிறான். அவள் ஏணியை விடவில்லை. அவனும் வெட்டவில்லை. சரி, பிள்ளை ஆசைப்படுகிறதே என்று போர்டு பக்கம் போனேன். அங்கேதான் கேபிள் பிரிந்து மூணு வயரும் தனித்தனியாக நிற்கும். ஒன்றை மட்டும் கவ்வ விட்டேன். முள்ளு எழும்பின வேகத்தில் நண்டைக் கீழே போடப் பார்த்தேன். அடுத்த அறைக் காத்தாடிகள் அந்தக் கேபிளில்தான் ஓடிக்கொண்டிருந்தன, மாப்ளே.

ராக்கையா இறங்கி வந்து ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்தான். அப்புறம் ஒரு பீடி கேட்டான். நான்தான் பற்றவைத்துக் கொடுத்தேன். நாலு தீக்குச்சி வீணானது ஈரத்தினால். எந்த வயரையும் இரண்டு விதமாகச் சோதிப்பது என் வழக்கம் என்று முதலாளியிடம் சொல்லியிருக்கிறேன். இனிமேல் மெயினை அணைக்காமல் யாரும் ஏணியில் கால் வைக்கக் கூடாது என்று சட்டமும் போட்டுவிட்டேன். அது சத்தியமான சட்டம்.

மறுநாள் அவன் பெண்சாதி கருப்பம்மாள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். என்னைக் கும்பிடத்தான் வருகிறாள் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவள் நேரே சண்முகத்தாயிடம் போய், அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எனக்கு என்ன சித்தி தெரியும், மச்சான் சொன்னதைச் சொன்னேன் என்றாள் நம் பிள்ளை. நீ கிணற்று மோட்டாரில் எனக்கு இதையெல்லாம் காட்டினபோது காப்பித்தண்ணி கொண்டுவந்து நின்றவள் அவள். ஒரு தரம்தான் சொன்னாய். தலையை ஆட்டினவன் நான்.

கருப்பம்மாள் போகும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். “அண்ணே, அந்தத் தம்பி சொன்னதுல ஒரு சொல்லு விடாம வச்சிருக்கே உங்க பிள்ளை. எதுக்குன்னு ஒருநாளாச்சும் கேட்டீகளா?”

நான் கேட்டதில்லை, மாப்ளே. கேட்கவும் தெரியவில்லை.

சின்னமனூரிலிருந்து அவளைப் பெண் கேட்டு வந்திருக்கிறார்கள் என்று உன் அம்மா எழுதியிருப்பாள். நல்ல இடம், வாழைத்தோட்டம், பம்புசெட்டு எல்லாம் உண்டு. பிள்ளை வாயைத் திறக்கவில்லை. சம்மதம்தான் என்று நானும் உன் அத்தையும் எடுத்துக்கொண்டோம். நேற்று ஆள் அனுப்பி, தை வரைக்கும் பொறுக்கச் சொல்லிவிட்டேன்.

உன்னை நான் எதற்கும் நெருக்குகிறவன் இல்லை. நண்டு நன்றாகத்தான் இருக்கிறது, ஒரு பழுதும் இல்லை. ஆனாலும் பொங்கலுக்கு நீ வந்து அதை ஒருதரம் பார்த்துவிட்டுப் போனால் தேவலை. வர முடியாதென்றால் அதையும் மறைக்காமல் எழுது. கடிதத்தை என் பேருக்குப் போடு, அவளிடம் நான் பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன். ஒரு வீட்டு விளக்கை அணையாமல் காத்துக் கொடுத்திருக்கிறாய் அப்பு, எந்த ஊரில் இருந்தாலும் நீ நன்றாக இருப்பாய்.

உன் வரவை எதிர்பார்க்கும்,
தாய்மாமன் காசிமாயன்