சோப்பு வைத்து அடைத்த டேங்க்

அறந்தாங்கி

அன்பு மகன் வெற்றிசெல்வனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் சரண்யாவும் அவள் வயிற்றில் இருக்கிற பிள்ளையும் சுகம். அந்தப் பிள்ளையையும் சேர்த்துச் சுகம் என்று எழுத எனக்குக் கை வந்ததே, அதற்கே குலசாமிக்குக் கோடிக் கும்பிடு. நீ அங்கே சுகமாகத்தான் இருப்பாய், உனக்கென்ன. போனில் நான் சத்தம் போட்டால் சிக்னல் இல்லை என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம். மேலத்தெரு அஜித் வெள்ளிக்கிழமை ஷார்ஜா வருகிறான், அவன் கையில் கொடுத்துவிடுகிறேன். இதை நடுவில் கட் பண்ண முடியாது, கடைசி வரி வரைக்கும் வாசி.

லீவு முடிந்து நீ போனதிலிருந்தே சரண்யா நம் வேனில் ஏறும்போதெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டாள். பெட்ரோல் வாடை கொடலப் பொரட்டுது அத்தை என்பாள். ரசம் தாளித்தால் குமட்டுகிறவள், சாம்பிராணி போட்டால் எழுந்து ஓடுகிறவள், அவள் சொன்னால் யார் நம்புவது. மசக்கை என்றுதான் நான் நினைத்தேன். உன் அப்பா பொடி போடுகிற அந்த மூக்கை வைத்து மோந்து பார்த்துவிட்டு, வண்டின்னா பெட்ரோல் வாடை அடிக்காம பன்னீரா அடிக்கும் என்றார். அவள் உன்னிடமும் போனில் சொன்னாள். நீ என்ன சொன்னாய், மறந்திருக்க மாட்டாய். மாசமா இருந்தா அப்படித்தான் இருக்கும், எலுமிச்சம்பழத்த மோந்து பாரு என்றாய். நானும் மடச்சி மாதிரி தினம் ஒரு பழம் அவள் கையில் கொடுத்து வண்டியில் ஏற்றினேன்.

ஆயுத பூஜைக்கு உன் அப்பா வேனைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டினார். கழுவுவதற்கு முன்பே போய் டேங்க் முட்டப் பெட்ரோல் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். பாதி டேங்குக்கு மேல போடாதீங்கப்பா, பழைய வண்டி கனம் தாங்காது என்று நீ கிளம்பும்போது சொன்னதை நான் ஞாபகப்படுத்தத்தான் செய்தேன். நல்ல நாளும் அதுவுமா வண்டி நெறஞ்சு நிக்கட்டும் விடு என்றார். சரண்யா தள்ளியே நின்றாள். என்னால முடியல அத்தை, நீங்களே சூடம் காட்டுங்க என்று கெஞ்சினாள். நான்தான் கேட்கவில்லை. வீட்டு மருமக நிக்கையில நான் காட்டுனா பாக்குறவுக என்ன சொல்லுவாக என்று தட்டை அவள் கையில் திணித்தேன். வண்டியைச் சுற்றிப் பின்பக்கம் வரும்போது ஒரு சூடக்கட்டி தட்டிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. வண்டி கழுவிய தண்ணீர் என்று நாங்கள் நினைத்தது தண்ணீர் இல்லையடா. குபீரென்று பிடித்து அவள் சேலைக் கொசுவத்தில் ஏறிவிட்டது. உன் அப்பா அவளை இழுத்து மண்ணில் உருட்டினார். சுவர் வேலைக்குக் கொட்டிக் கிடந்த மணலை நான் அள்ளி அள்ளி வண்டிக்கு அடியில் போட்டேன். டேங்க் வெடிக்காமல் விட்டது யார் செய்த புண்ணியமோ. கணுக்காலெல்லாம் கொப்புளம். குப்புற விழுந்திருந்தாள், எங்கள் பயமெல்லாம் வயிற்றைப் பற்றித்தான். ஸ்கேன் அறைக்கு வெளியே உட்கார்ந்து குலசாமியைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். துடிப்பு நல்லா இருக்கும்மா, எந்திரிச்சு ஒரு காப்பி குடிங்க என்று டாக்டரம்மா சொன்ன பிறகுதான் எனக்கு அழுகையே வந்தது.

மெக்கானிக் ரகுநாத் டேங்கைக் கழற்றினபோது நானும் பக்கத்தில் நின்றேன். புதுக் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தது. சுரண்டினால் அடியில் சாம்பல் நிறத்தில் ஏதோ பசை. அதையும் பெயர்த்தால் உள்ளே நீலமாக ஒன்று, விரலில் வழவழவென்று ஒட்டியது. பார்த்த உடனே தெரிந்துவிட்டது, அது என் துணிச் சோப்பு. துவைகல்லில் வைத்த சோப்பில் பாதியைக் காணோம் என்று நீ லீவில் இருந்தபோது பக்கத்து வீட்டுக்காரி சின்னப்பிள்ளையோடு சண்டைக்குப் போனேனே, அவள் சத்தியம் பண்ணி அழுதாளே, நீ கட்டிலில் படுத்துக்கொண்டு சிரித்தாயே, அந்தச் சோப்பு. டேங்கில் பாதி உயரத்தில் இருக்கிற ஜாயின்ட்டில் துரு தின்று ஓட்டை. பாதி டேங்குக்கு மேல் போடாதே என்று நீ சொன்னது எதற்கென்று அங்கே நின்றபோதுதான் புரிந்தது. டேங்க் ஒழுகி வழியில் நின்ற வண்டி வீடு வந்து சேருவதற்குச் சோப்பு வைத்து அடைப்பார்கள். நீ அதன்மேல் பெயின்ட் அடித்து எங்களை ஏற்றிவிட்டுப் பிளேன் ஏறியிருக்கிறாய்.

கேட்டால், தெரியும்மா, சொன்னா அப்பா வண்டிய எடுக்க மாட்டாரு, சரண்யாவ செக்கப்புக்கு யாரு கூட்டிட்டுப் போறது, அடுத்த லீவுல மாத்திக்கலாம்னு இருந்தேன் என்கிறாய். ஊரில் பஸ் இல்லையா, ஆட்டோ இல்லையா? நானும் உன் அப்பாவும் அவளை நம்பாமல் போனது தெரியாமல். நீ மசக்கை என்று சொன்னது தெரிந்து. சரண்யா சொன்னது நிஜம் என்று இந்த உலகத்தில் தெரிந்த ஒரே ஆள் நீதான், நீயே அவளை எலுமிச்சம்பழம் மோந்து பார் என்றாய். எனக்கு ஆறாதது அதுதான். நெருப்பைக்கூட மன்னித்துவிடுவேன், இதை எப்படி மன்னிப்பது என்று தெரியவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் பழைய டேங்கையே வெல்டிங் வச்சுக்கலாமே என்று உன் அப்பாவிடம் சொன்னாயாமே. பெட்ரோல் கெடந்த டேங்குல நெருப்பு வைக்கச் சொல்றாரா ஒங்க மகன் என்று ரகுநாத் கேட்டார், நான் தலையைக் குனிந்துகொண்டேன். உள்ளே முழுக்கத் துருவாம், ஒரு இடத்தில் ஒட்டினால் பக்கத்தில் பிய்த்துக்கொள்ளுமாம். எங்கேயாவது பழசாக ஒன்று பார்ப்போம் என்று இழுத்த உன் அப்பாவும் என்னிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். திருச்சியில் சொல்லிவைத்துப் புது டேங்க், புதுப் பைப், புது மூடி எல்லாம் போட்டாயிற்று. இப்போது சரண்யா குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்து, மோந்து பார்த்து, போலாம் மாமா என்று சொன்னால்தான் வண்டி கிளம்பும். அதுவரைக்கும் உன் அப்பா சாவியைத் தொடுவதில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு, வெயிலில் வேலைக்குப் போகும்போது தண்ணீர் எடுத்துப் போ. அஜித்திடம் பருப்புப் பொடியும் எள்ளுருண்டையும் கொடுத்திருக்கிறேன், கோபம் கோபமாக இருக்கட்டும், நீ பட்டினி கிடக்க வேண்டாம். சாமி உன் கை காலுக்குச் சுகத்தையும் வாய்க்கு உண்மையையும் கொடுக்கட்டும். சரண்யாவுக்குப் போன் போட்டு, நீ சொன்னது நெசந்தான் என்று முதலில் சொல், மற்ற பேச்செல்லாம் அப்புறம். சின்னப்பிள்ளையிடம் நான் போய்ப் பேசிவிட்டேன், உன் பங்குக்கு நீயும் பேச வேண்டும். பழைய இரும்புக்காரன் அந்த டேங்கைக் கேட்டு வந்தான், நான் கொடுக்கவில்லை. வாசலிலேயே கிடக்கிறது. பிள்ளை பிறந்து நீ பார்க்க வரும்போது நேராக உள்ளே ஓடாதே. முதலில் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு தெரு வழியாகவே நடந்து போய் இரும்புக் கடையில் போட்டுவிட்டு வா. துவைகல்லில் நீலச் சோப்பு இருக்கும், கையை நன்றாகத் தேய்த்துக் கழுவு. அப்புறம் பிள்ளையைத் தருகிறேன்.

இப்படிக்கு,
இன்னும் கோபம் தீராத உன் அம்மா
கண்ணாத்தாள்