நான்காவது பாட்டு

மார்ச் 4

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீ நலமென்று தங்கை சொன்னாள். நான் போன் செய்தால் நீதான் எடுப்பதில்லையே!

பாட்டெழுதிய இருபது வருடமும் தயாரிப்பாளர்கள் என் வரிகளைக் கண்டபடி வெட்டினார்கள். அந்தக் கோபத்தில்தான் நானே தயாரிப்பாளரானேன். ஆகி, முதல் படத்திலேயே நீ மெட்டுப் போட்ட கடைசிப் பாட்டை வெட்டினேன். முன்னோட்டக் காட்சியில் அந்தப் பாட்டு வந்ததும் பாதிப் பேர் எழுந்து போனார்கள். பயந்துவிட்டேன். உன்னிடம் சொல்லத் தைரியம் வரவில்லை.

அடுத்த கதை தயார், ஒன்பது பாட்டு. வேறு இரண்டு பேரிடம் மெட்டு வாங்கினேன். நன்றாகத்தான் இருக்கிறது, எனக்குத்தான் ஒரு வரியும் ஓடவில்லை. நீ வராவிட்டால் படமே இல்லை.

உன் மச்சான்

மார்ச் 19

மச்சானுக்கு,

வணக்கம். படம் வெளியான அன்று தியேட்டரில் பக்கத்து சீட்டுக்காரரிடம், "அடுத்த பாட்டைக் கேளுங்க சார், நான் போட்டது" என்று பெருமையடித்தேன். அடுத்ததாக 'முற்றும்' வந்தது. அவர் பார்த்த பார்வையில் கூனிக்குறுகிப் போனேன். "எங்கண்ணன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல" என்று உங்கள் தங்கை வீட்டுக்கு வந்து அழுதாள். நீங்கள் வெட்டியதைவிட அந்த ஒரு வார்த்தை வராததுதான் வலித்தது.

வருகிறேன். ஆனால் படத்தொகுப்பு அறையில் நானும் இருப்பேன். எந்தப் பாட்டு போக வேண்டும் என்பதை நான்தான் சொல்வேன். சம்மதமா?

மாப்பிள்ளை

ஆகஸ்ட் 2

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

சம்மதம் என்று அன்றைக்கே தந்தி மாதிரி எழுதிப் போட்டேன். விரிவாக எழுத இப்போதுதான் நேரம் கிடைத்தது. மகளை வழியனுப்பும் அப்பா பாடுகிற நான்காவது பாட்டு முடிந்துவிட்டது. ஆறு வாரம், மாப்பிள்ளை! குப்பைக்கூடை நிறையக் கிழித்தேன். நான் எழுதியதிலேயே உருப்படியானது இதுதான்.

உன் மச்சான்

நவம்பர் 11

அன்புள்ள மச்சானுக்கு,

நீங்கள் ஊர் ஊராகத் தியேட்டர்காரர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். இங்கே நேற்று இருபது பேருக்குப் படத்தைப் போட்டுக் காட்டினோம். அப்பா மகளின் பெட்டியைப் பூட்டத் தெரியாமல் தடுமாறும்போதே எல்லோரும் அழுதுவிட்டார்கள். பாட்டு வந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

நான்காவது பாட்டு போக வேண்டும். மெட்டு என்னுடையது, எனக்கும் வயிறு எரிகிறது. இன்னும் கை வைக்கவில்லை. உங்கள் பதில் வரும்வரை தொகுப்பாளரை வேறு வேலை பார்க்கச் சொல்லியிருக்கிறேன். சண்டை போடுவதென்றால் போடுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் மாப்பிள்ளை

நவம்பர் 15

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

விடுதி அறையில் உன்னை வாய்க்கு வந்தபடி திட்டினேன். பக்கத்து அறைக்காரர் கதவைத் தட்டி, "உடம்புக்கு ஏதும் முடியலையா?" என்று கேட்டார். பிறகு பாட்டில்லாமல் அந்தக் காட்சியை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். பெட்டி பூட்டிக்கொள்கிறது, அவள் போகிறாள். போதும்.

அழுகையாகத்தான் வருகிறது. ஆனால் இத்தனை வருடத்தில், என் வரியை வெட்டுவதற்கு முன் என்னைக் கேட்ட முதல் ஆள் நீதான்.

வெட்டு.

உன் மச்சான்