எலோர் பாலத்தின் இங்கிலாந்துக் கரைக்கு ஒரு எச்சரிக்கைப் பலகை கேட்டு, இரண்டு அரசுகளுக்கும் சேர்த்து

அனுப்புநர்:
கிளைவ் ப்ராபர்ட்,
ஆட்டுச் சந்தைத் தொழிலாளி,
மேட்டுத் தெரு, கார்ஸ்டோ,
எலோர் ஆற்றின் இங்கிலாந்துக் கரை.

பெறுநர்:
சாலைப் பாதுகாப்பு உயர் அலுவலர் அவர்கள், வேல்ஸ் அரசு, கார்டிஃப்.
சாலைப் பாதுகாப்பு உயர் அலுவலர் அவர்கள், ஐக்கிய ராஜ்ஜிய அரசு, லண்டன்.
(ஒரே மனு, இருவருக்கும். எது அசல், எது நகல் என்று தேட வேண்டாம். இரண்டும் அசல்.)

பொருள்: பள்ளிப் பிள்ளைகள் பாலத்தைக் கடப்பது குறித்து, ஆற்றின் இந்தக் கரையில் எச்சரிக்கைப் பலகையும் வேகக் குறைப்பும் வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய இரு அலுவலர்களுக்கும் வணக்கம்.

1. நான் பதினாறு வயதில் பள்ளியை விட்டவன். அதற்கப்புறம் உட்கார்ந்து படித்ததெல்லாம் உங்கள் இரு அலுவலகங்களும் எனக்கு அனுப்பிய பதில்களைத்தான். ஆகவே இந்த மனுவின் நடை சுற்றி வளைத்துப் போனால், அது நான் பழகிய சகவாசம் என்று பொறுத்துக்கொள்ளவும்.

2. எல்லை ஆற்றின் நடுவோடு போகிறது. பாலத்தில் பாதி வேல்ஸ், பாதி இங்கிலாந்து. எங்கள் வீடு இந்தக் கரையில். பத்து வயது மகள் லெரி படிக்கும் பள்ளி அந்தக் கரையில், பாலம் இறங்கியதும். எங்களுக்கு மிக அருகில் உள்ள பள்ளி அதுதான். வெல்ஷ்காரியான என் மனைவி நெரிஸும் அதில் படித்தவள்தான். பாலத்தில் நடைபாதை கிடையாது. அந்தக் கரையில் பள்ளி இருப்பதை வெல்ஷ், இங்கிலீஷ் என்று இரண்டு மொழியில் எழுதி வைத்திருக்கிறார்கள். மணிக்கு இருபது மைலுக்கு மேல் போகக் கூடாது. எங்கள் கரையில் மேட்டிலிருந்து இறங்கும் வண்டிக்கு அறுபது மைல் வரை அனுமதி உண்டு, பலகை ஒன்றும் இல்லை. அறுபதில் பாலம் ஏறுகிற லாரி, நடு ஆற்றுக்கு வந்ததும் திடீரென்று நல்ல பிள்ளையாகிவிடும் என்பது திட்டம் போலும்.

3. அக்டோபரில் ஒரு காலை, தீவன லாரி ஒன்று அப்படித்தான் இறங்கி வந்தது. லெரி கைப்பிடிச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். லாரியின் பக்கவாட்டுக் கண்ணாடி அவள் முதுகுப் பையின் வாரைப் பிய்த்துக்கொண்டு போனது. சுவர்க் கல்லில் உரசி விரல் முட்டியெல்லாம் தோல் போயிற்று. ஓட்டுநர் நிற்கவில்லை, அவருக்குத் தெரிந்தே இருக்காது. அன்று சாயங்காலம் அவள் கேட்டாள்: "அப்பா, நான் இன்னும் கொஞ்சம் ஒல்லியா இருந்தா பை தப்பிச்சிருக்குமா?" பாலத்தில் தன் மேல் தப்பு தேடுகிற பிள்ளைக்கு என்ன பதில் சொல்வது என்று இரு அரசுகளில் எது எழுதித் தந்தாலும் மகிழ்ச்சி.

4. முதலில் இந்தக் கரை மாவட்ட அலுவலகத்தில் கேட்டேன். பள்ளி தங்கள் நிர்வாகத்தில் இல்லாததால் பள்ளிப் பலகை வைக்க வழியில்லை என்றார்கள். கார்டிஃபுக்கு எழுதினேன். பள்ளி தங்களுடையதுதான், சாலை தங்களுடையது இல்லை, வருந்துகிறோம் என்றார்கள். லண்டனுக்கு எழுதினேன். இது பகிர்ந்தளிக்கப்பட்ட அதிகாரம், தக்க நிர்வாகத்தை அணுகவும் என்றார்கள். எது தக்க நிர்வாகம் என்று திரும்ப எழுதினேன். மாவட்ட அலுவலகத்தின் முகவரி வந்தது.

இதே மேட்டில், இதே சாலையில், ஆடுகள் கடக்கும் என்று ஆட்டுப் படம் போட்ட பலகை ஒன்று பல வருடமாக நிற்கிறது. நான் சந்தையில் ஓட்டிவிடும் ஆடு காதில் ஒரு வில்லையோடு இரண்டு நாட்டிலும் மரியாதையாகப் போய் வருகிறது. லெரிக்கும் காதில் ஒன்று மாட்டிவிடலாமா என்று மாவட்ட அலுவலகத்தைத் தொலைபேசியில் கேட்டேன். அந்த அலுவலர் சிரிக்கவில்லை. விலங்குகள் பிரிவின் தொலைபேசி எண்ணைக் கொடுத்தார்.

5. அடுத்து நான் செய்த காரியத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நானே பலகை செய்தேன். அந்தக் கரைப் பலகைக்குப் பொருத்தமாக இருக்கட்டும், மனைவியும் சந்தோஷப்படட்டும் என்று வெல்ஷில் எழுதினேன். "அராவ்" என்றால் மெதுவாக. "பிளான்ட்" என்றால் பிள்ளைகள். சிவப்பு வண்ணத்தில் பெரிதாக எழுதி மேட்டில் நட்டேன். இங்கிலாந்துப் பக்கமிருந்து வருகிறவன் இங்கிலீஷ்காரன், அவன் கண்ணுக்கு அதே எழுத்து ஆங்கிலத்தில் செடி என்று தெரியும் என்பது, சம்சாரமே வெல்ஷ்காரியாக இருந்தும், எனக்குத் தோன்றவில்லை.

வண்டிகள் நின்றன என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் எங்கள் வாசலில் நின்றன. "அண்ணே, தக்காளி நாத்து இருக்கா?" என்றார் ஒருவர். இல்லை என்றதற்கு, "அப்புறம் எதுக்கு இவ்ளோ பெருசா போர்டு?" என்று சண்டைக்கு வந்தார். நெரிஸ் ஜன்னலில் நின்று சிரித்த சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. "பத்து வருஷமா எங்க பாஷையக் கத்துக்கறேன்னு சொன்னே. கடைசியில நாத்துப் பண்ணை வெச்சிட்டே" என்றாள்.

இரண்டு கடிதங்கள் வந்தன. அனுமதியின்றி வைத்த வணிக விளம்பரத்தை உடனே அகற்றும்படி மாவட்ட அலுவலகம் எழுதியது. எல்லைக்கு அப்பாலும் வெல்ஷ் மொழியைப் பயன்படுத்தியதற்கு கார்டிஃபிலிருந்து பாராட்டு வந்தது. பலகையை அகற்றினேன். பாராட்டை வைத்துக்கொண்டேன்.

6. வேல்ஸுக்கு அதிகாரம் பிரித்துக் கொடுத்ததில் எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை. நன்றாகத்தான் செய்கிறார்கள், அந்த இருபது மைல் அவர்கள் போட்டதுதான். "எங்க பக்கம் போய்க் கேக்க ஒரு முதல்வர் இருக்கார். உன் இங்கிலாந்துக்கு யாரு இருக்கா?" என்று நெரிஸ் கேட்கிறாள். யோசித்துப் பார்த்தேன். லண்டன் பிரதமர் எல்லாருக்கும் பொது, இங்கிலாந்துக்கென்று தனியாக எனக்குத் தெரிந்து யாரும் இல்லை. அதிகாரத்தைப் பங்கு போட்டபோது பாலத்தின் இந்த முனை யார் பங்கிலும் விழாமல் தவறிக் கீழே விழுந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். குனிந்து எடுக்க ஒருவர் போதும்.

7. இப்போது அவசரம் என்னவென்றால், நெரிஸ் சிரிப்பதை நிறுத்திவிட்டாள். கிறிஸ்துமஸுக்குள் பலகை வராவிட்டால் லெரியைப் பள்ளி மாற்றப் போகிறாள். இந்தக் கரையில் அடுத்த பள்ளிக்கு இரண்டு பேருந்து மாற வேண்டும். அங்கே வெல்ஷ் கிடையாது. அம்மாவின் பாஷையில் அம்மாவைவிட வேகமாகச் சண்டை போடுகிற பிள்ளை அவள். தோழிகள் எல்லாரும் அந்தக் கரை. பள்ளி மாற்றுகிற பேச்சு வந்தாலே சாப்பாட்டை விட்டு எழுந்து போய்விடுகிறாள். மனைவி சொல்வது தவறு என்று என்னால் வாதாட முடியவில்லை. அந்த லாரி எனக்கும் நினைவிருக்கிறது.

8. ஆகவே நான் கேட்பது: மேட்டில் ஒரு முக்கோணப் பலகை. இரண்டு பிள்ளைகள் நடக்கும் படம் மட்டும் போதும். எழுத்தே வேண்டாம், எந்த மொழியிலும். பாலம் வரைக்கும் இருபது மைல். கம்பம் நட நானே குழி தோண்டித் தருகிறேன்.

9. அதுவரை, தினமும் காலையில் சந்தை முதலாளியிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, மஞ்சள் சட்டை போட்டு, பலகை நின்ற அதே இடத்தில் நான் கையைத் தூக்கி நிற்கிறேன். வண்டிகள் மெதுவாகின்றன. லெரி கடந்து போகிறாள். அதிகாரமில்லாமல் போக்குவரத்தை நிறுத்துவது குற்றம் என்று அறிவேன். நடவடிக்கை எடுப்பதாக இருந்தால் தயவுசெய்து தாமதிக்காமல் எடுக்கவும். ஆனால் அந்தக் கடிதத்தில், நான் நிற்கிற இடம் எந்த அரசின் பொறுப்பு என்று மட்டும் தெளிவாக எழுதிவிடவும். எழுதியவர் எவரோ, பலகை வைக்க வேண்டியவரும் அவரே என்று எடுத்துக்கொண்டு, அன்றைக்கே குழி தோண்ட ஆரம்பித்துவிடுவேன்.

விரைந்து ஆவன செய்யுமாறு, ஒரு கை தூக்கியபடியே, பணிவுடன் வேண்டுகிறேன்.

இடம்: கார்ஸ்டோ (இந்தக் கரை)
நாள்: 18 நவம்பர் 2024

இப்படிக்கு,
கிளைவ் ப்ராபர்ட்