வாய் அடைத்த பாய்லர்

சர்வே முகாம்,
தேவனூர் நாடு, கொல்லிமலை.
12.2.1934

சௌபாக்கியவதி ராசாமணிக்கு ஆசிகள். நான் நலம். உன் மூட்டுவலி எப்படி?

மெட்ரிகுலேஷன் தேறிய நான் இங்கே துரையின் டீ பாய்லரைப் புளி போட்டுத் துலக்குகிறேன். எனக்கு வரவேண்டிய ஹெட் கிளார்க் நாற்காலியில் உன் அண்ணன் இருக்கிறார்.

இன்று துரை அளக்கும் இடத்துக்கு, டீயின் சூடு குறையக்கூடாதென்று, நெருப்போடே பாய்லரைக் கழியில் தூக்கிப் போனோம். வெந்நீர் தளும்பி என் கால் லேசாக வெந்தது, பயப்படாதே. நாளை தளும்பாதிருக்க, ஆவித் துவாரத்தைத் துணியால் இறுக அடைக்கச் சொல்லியிருக்கிறார் உன் அண்ணன்.

கூடச் சுமக்கும் சின்னராசு, "ஏனுங்க, ஆவி போக வழி வேண்டாமுங்களா?" என்றான்.

"வழி விட்டா டீ ஆறிப்போயிருமப்பா!" என்று சிரித்தார்.

பழைய வேட்டியும் தேங்காயெண்ணெயும் அனுப்பு. தபால்காரன் அவசரப்படுத்துகிறான். அண்ணனுக்கு நீ ஒரு வரி எழுதினால் கேட்பார். ஆனால் இது உன் கைக்கு வருவதற்குள் நாங்கள் அதைத் தூக்கியிருப்போம்.

சாமியப்பன்