இயங்காத ஆஸ்பத்திரி

1996 ஒக்டோபர் 3
கண்டாவளைப் பக்கத்தில் நாற்பது வருடம் அசையாமல் நின்ற எங்கள் ஆஸ்பத்திரி, ஷெல் விழத் தொடங்கியதும் உழவு இயந்திரப் பெட்டிகளில் ஏறி வந்து ஒரு பள்ளிக்கூடத்தில் இறங்கியிருக்கிறது. பொறுப்பு வைத்தியர் கனகலிங்கம் ஐயா முதல் நடையில் கோப்புகளை ஏற்றினார். நோயாளிகள் இரண்டாம் நடை. பாவம், கோப்புகளால் நடக்க முடியாதே.

ஐந்தாம் வகுப்புத்தான் பிரசவ அறை. கரும்பலகையில் 'அமைதி காக்கவும்' என்று எழுதியிருக்கிறது. இடுப்புவலியில் கிடப்பவளுக்கு நல்ல அறிவுரை.

நான் இங்கே ஒன்பது வருடமாகத் தொண்டர் மருத்துவிச்சி. நிரந்தர நியமனம் கேட்டு நான் எழுதிய விண்ணப்பங்களும் கோப்புகளோடு பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டன.

1996 நவம்பர் 20
பள்ளிக்கூடத்தைப் பிள்ளைகள் திருப்பிக் கேட்டுவிட்டார்கள். அவர்களுக்கும் பைத்தியம், படிக்க வேண்டுமாம். இப்போது நாங்கள் புதுக்குடியிருப்புக்கு அப்பால் ஒரு நெல் களஞ்சியத்தில். சன்னல் ஒன்றும் இல்லை. நெல்லுக்கு எதற்கு வெளிச்சம்?

1996 டிசம்பர் 12
இப்போதுதான் கை கழுவிவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

மீனம்மாவுக்கு ஆண்பிள்ளை. என்னைப் போலவே மலையகத்திலிருந்து வந்து, இங்கே கூலிக்கு வயல் வேலை செய்கிறவள். பிள்ளை சுகமாய் வந்தது. இரத்தம்தான் நிற்கவில்லை. களஞ்சியத்துக்குள் கும்மிருட்டு. டோர்ச் இருக்கிறது, பற்றரி இந்தப் பக்கம் வர அரசாங்கத் தடை. நல்லகாலம் மழை விட்டு வெயில் எறித்தது. கனகலிங்கம் ஐயா சவரம் செய்கிற கண்ணாடியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார். வெயிலை வாங்கி உள்ளே திருப்பினார். அவர் கை நடுங்க, என் கைமேல் வெயிலும் நடுங்கியது.

"ஆடாமப் பிடியுங்கோ ஐயா" என்று அதட்டினேன். நான், அவரை!

"பிடிக்கிறன், பிடிக்கிறன். நீர் வேலையைப் பாரும்" என்றார்.

ஒரு மணித்தியாலம் வயிற்றை அழுத்திப் பிடித்திருந்தேன். நின்றது. மீனம்மா தண்ணீர் கேட்டாள். வெளியே வந்து பார்த்தால், ஐயா சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தார். காணாதமாதிரிப் போய்விட்டேன்.

1998 ஜூன் 9
சுகாதாரத் திணைக்கள மேலிடத்திலிருந்து கடிதம். எங்கள் ஆஸ்பத்திரி அதன் நிரந்தரக் கட்டடத்தில் இல்லாததால் அது 'இயங்கவில்லை'. இயங்காத இடத்தில் வெற்றிடமும் இல்லை. ஆகவே எனக்கு நியமனமும் இல்லை. அதே உறைக்குள் இன்னொரு தாள்: போன மாதம் எத்தனை பிரசவம் என்ற விவரத்தை ஏன் இன்னும் அனுப்பவில்லை?

1998 நவம்பர் 2
களஞ்சியமும் போய்விட்டது. சீமெந்துக்குத் தடை, எனவே மூன்றாவது கட்டடம் பாலை மரங்களுக்குக் கீழே தென்னோலைக் கிடுகுக் கொட்டில். காற்றோட்டம் பிரமாதம். மழையோட்டமும்.

1999 மார்ச் 14
மலேரியா. எனக்கும். காய்ச்சலோடு இரண்டு பிரசவம் பார்த்தேன், இயங்காமலே.

2000 ஓகஸ்ட் 21
பழைய இடத்துக்குத் திரும்பினோம். கூரை, கதவு, சன்னல் மூன்றும் இல்லை. மற்றபடி குறையில்லை.

2001 மார்ச் 8
புதிய தகரக் கூரைக்குத் திறப்புவிழா. மேலிடத்துப் பெரியவர்கள் மாலை போட்டுக்கொண்டு கதிரைகளில் இருந்தார்கள். நான் சோடா கொடுத்தேன். கனகலிங்கம் ஐயா ஆஸ்பத்திரியின் வரலாற்றை வாசித்தார். யார் கல் நாட்டியது, யார் கிணறு வெட்டியது, எல்லாம் இருந்தது. பிறகு, "1996 தொடக்கம் 2000 வரை இந்த ஆஸ்பத்திரி இயங்கவில்லை."

கைதட்டினார்கள்.

அப்ப நான் என்ன செய்துகொண்டிருந்தனான்? நித்திரையோ? அந்தக் கண்ணாடியைப் பிடிச்சது ஆர்? வெறும் சோடாப் போத்தல்களைப் பொறுக்கினன். விழா முடிந்ததும் அவரிடமே கேட்டேன்.

"மேலிடத்துக் கடிதத்தில அப்பிடித்தான் கிடக்கு, சிவலட்சுமி. நான் அதை மாத்தேலுமே?" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

2001 மார்ச் 9
வேலைக்குப் போகவில்லை. விடுமுறைக் கடிதமும் கொடுக்கவில்லை. இல்லாத பதவிக்கு எதற்கு விடுமுறை?

2001 ஜூன் 18
மீனம்மா மகனோடு வீட்டுக்கு வந்தாள். வருகிற தையில் அவனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். அந்த வருடம் ஆஸ்பத்திரியே இயங்கவில்லை, பிறகு எப்படி அங்கே பிறந்தான் என்று பிறப்புப் பதிவுக் கந்தோரில் கேட்டார்களாம்.

"அப்ப எம்புள்ள எங்கக்கா பொறந்துச்சு?"

அவளையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு நேரே கனகலிங்கம் ஐயாவிடம் போனேன். மூன்று மாதத்துக்குப் பிறகு. அவர் பிள்ளையை வெகுநேரம் பார்த்தார். ஓய்வுபெற அவருக்கு இன்னும் எட்டு மாதம். இத்தனை வருடத்தில் மேலிடம் எழுதியதற்கு எதிராக ஒரு காற்புள்ளிகூட வைக்காத மனிதர்.

தாளை எடுத்தார். 'நெல் களஞ்சியத்தில் இயங்கிய இந்த ஆஸ்பத்திரியில், 12.12.1996 அன்று, எனது முன்னிலையில்' என்று எழுதிக் கையெழுத்து வைத்தார்.

"பிரசவம் பார்த்தவரின்ர பேர் போடவேணும். முழுப்பேரைச் சொல்லும்" என்றார்.

சொன்னேன். அடுத்த நாளிலிருந்து மறுபடி வேலை.

2001 ஜூலை 30
கதை பரவிவிட்டது. வாசலில் தாய்மார் வரிசை. பள்ளிக்கூடத்தில் பிறந்தவர்கள், களஞ்சியத்தில் பிறந்தவர்கள், கொட்டிலில் பிறந்தவர்கள். இயங்காத ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு பிள்ளைகள்!

2001 செப்டெம்பர் 11
மேலிடம் விளக்கம் கேட்டிருக்கிறது: விழாவில் வாசித்த வரலாறு பொய்யா, கொடுத்த கடிதங்கள் பொய்யா?

ஐயா ஒரே வரியில் பதில் எழுதினார். "வரலாறுதான் பொய்."

2001 நவம்பர் 5
விசாரணை முடியும்வரை கனகலிங்கம் ஐயா பணிக்கு வரக்கூடாது என்று உத்தரவு. கடிதப்படி அவர் இப்போது வேலை செய்வதில்லை. இன்று காலையும் வழக்கம்போல் எட்டு மணிக்கு சைக்கிளில் வந்து, வேலை செய்யாமல் நாற்பது நோயாளிகளைப் பார்த்தார். மத்தியானம் ஒருத்திக்குப் பிள்ளை குறுக்கே கிடந்தது. பிரசவ அறையிலிருந்து அவரைக் கூப்பிட்டேன். கை கழுவிக்கொண்டு வந்தார்.