குனிந்த ராஜா

மார்ச் 4
வெளியுறவுத் துறை வரலாற்றுப் பிரிவின் இயக்குநர் நாற்காலியில் இன்று குட்டி உட்கார்ந்தான். குட்டி என்பது நான் மனதுக்குள் வைத்த பெயர். என்னைவிட எத்தனையோ வருடம் இளையவன். வரலாற்றில் முனைவர் பட்டம் எனக்கு. அமைச்சர் சொல்லும் ஜோக்குக்கு முதலில் சிரிக்கும் திறமை அவனுக்கு. "அண்ணே, எல்லாம் உங்க ஆசீர்வாதம்" என்று இனிப்பை நீட்டினான். வாங்கித் தின்றேன். மானங்கெட்ட நாக்கு.

மார்ச் 11
மீன்பிடி எல்லை பற்றிப் பேச அண்டை நாட்டு அமைச்சர் வருகிறார். பேச்சு மேசைக்குப் பின்னால் மாட்ட நம் அமைச்சருக்கு வரலாறு வேண்டுமாம். "பழசா, பெருசா, ரெண்டு ராஜாவும் ஒத்துமையா இருக்கிற மாதிரி ஏதாச்சும் பாருங்கய்யா." ஜன்னலுக்குத் திரைச்சீலை எடுக்கிறவர்கூட இன்னும் கொஞ்சம் விவரம் கேட்பார்.

மார்ச் 13
குட்டி கிடங்கிலிருந்து ஓர் ஓவியத்தைத் தூக்கி வந்திருக்கிறான். கடற்கரைக் கூடாரம். ஒரு ராஜா குனிந்து வாளை நீட்டுகிறார், மற்றவர் வாங்குகிறார். "பாத்தீங்களாண்ணே, வாள் பரிசு! நட்புன்னா இதுதான்."

குனிந்திருப்பவர் நம் ராஜா. துறைமுகம் எரிந்த மறுநாள் அண்டை நாட்டு ராஜாவிடம் சரணடைகிறார். என் பட்டமே இந்தச் சரணாகதி பற்றி எழுதி வாங்கியதுதான். அவன் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா? சந்தி சிரிக்கட்டும்.

மார்ச் 14
மனைவியிடம் சொன்னேன்.
"போய்ச் சொல்லிடுங்க. நாடே தலைகுனியப் போகுது."
"படத்துல ஏற்கெனவே குனிஞ்சுதான் இருக்கு."
அவள் சிரிக்கவில்லை.

மார்ச் 20
விருந்தாளி அமைச்சர் படத்தின் முன் நின்றார். அவருடைய ஆய்வாளர் காதில் ஏதோ ஓதினார். விருந்தாளியின் முகம் பூரித்துப் போயிற்று. "இவ்வளவு பெரிய மனசு வேற யாருக்கு வரும்!" என்று நம்மவர் கையைப் பிடித்துக்கொண்டார். நம்மவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்காத இடத்தில் வழக்கமாகச் செய்வதைச் செய்தார் – கட்டிப்பிடித்தார்.

வருடக்கணக்கில் இழுத்த ஒப்பந்தம் சாப்பாட்டுக்கு முன்பே கையெழுத்தானது. நாம் கேட்ட கடற்பரப்பு முழுவதும் கிடைத்தது. தோற்றதை ஒத்துக்கொண்டவனிடம் கறாராக இருக்க அவர்களுக்கு மனம் வரவில்லை போலும். நம் துறை உண்மை பேசியது இதுதான் முதல் தடவை, அதுவும் தெரியாமல்!

குட்டிக்குத் தூதர் பதவியாம். அடப்பாவி! நான் வாயை மூடிக்கிட்டிருந்தது இவனைத் தூக்கிவிடவா?

மார்ச் 23
எதிர்க்கட்சித் தலைவர் கண்டுபிடித்துவிட்டார். "சரணடைஞ்ச படத்தை மாட்டி நாட்டை அசிங்கப்படுத்திட்டாங்க!" அவர் ஆட்சியில் அது கிடங்கில் பூச்சிக்கு இரையாகிக் கிடந்தது; அப்போது அசிங்கமில்லை.

அமைச்சர் என்னைக் கூப்பிட்டார். "நீங்கதானே இதுல டாக்டர்? குனியறது அவங்க ராஜான்னு எழுதிக் குடுங்க."
"ஐயா, அவங்க பாத்தா ஒப்பந்தமே..."
"அவங்களுக்கு வேற மாதிரி எழுதிக் குடுங்க. உங்க டைரக்டர் தூதராப் போறாரு, அந்த நாற்காலி சும்மாதான் கிடக்கும்."

மார்ச் 24
முடியாது என்று சொல்லப் போகிறேன். நாளைக்கே.

மார்ச் 25
அமைச்சர் ஊரில் இல்லை.

ஏப்ரல் 2
நாற்காலி நன்றாகச் சுழல்கிறது. படத்துக்கு அடியில் நான் எழுதிக் கொடுத்த வாசகத்தோடு பித்தளைப் பலகை பளபளக்கிறது. அண்டை நாட்டார் வரும்போது மாட்டவேண்டிய இன்னொன்று என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. இரண்டுக்கும் திருகாணித் துளைகள் ஒரே இடத்தில் வருமாறு நானே அளந்து கொடுத்தேன்.

மனைவிக்கு இனிப்பு வாங்கிப் போனேன். வேண்டாம் என்றுவிட்டாள்.