அய்யா கொடுத்த டிப்ஸ்

வெம்பக்கோட்டை
14.11.2006

அன்பு மகன் காளீஸ்வரனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கன நான், உங்கய்யா, தங்கச்சி இசைவாணி மூணு பேருக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்ல, மனசுக்குத்தான் குறை. நீ துபாய்ல நேரத்துக்குச் சாப்பிட்டு நல்லா இருக்கணும்னு பத்திரகாளியம்மனக் கும்பிட்டுக்கிடுதேன். தீபாவளிக்கு அடைச்ச வெடிக் கம்பெனி இன்னும் திறக்கல, உங்கய்யா வீட்டுலயேதான் இருக்காக. அதான் போன்ல உங்கிட்ட எதையும் விவரமாச் சொல்ல முடியல, பக்கத்துலயே நின்னு காதக் கொடுத்துக்கிட்டு இருக்காக. இப்ப முடிவெட்டப் போயிருக்காக, வர்றதுக்குள்ள எழுதிருதேன்.

ஏலே, போன லீவுல வந்தப்ப உங்கய்யாவ மதுரைக்குக் கூட்டிட்டுப் போயி பெரிய ஓட்டல்ல தங்க வச்சு, அங்கன வேலை பாக்கிறவுகளுக்கு டிப்ஸ் எப்படிக் கொடுக்கணும்னு படிச்சுப் படிச்சுச் சொல்லிக் கொடுத்தியே, நோட்ட ரெண்டா மடிக்கணும், எல்லாரும் பாக்க நீட்டக் கூடாது, எம்புட்டுன்னு வாய்விட்டுச் சொல்லக் கூடாது, சிரிச்ச முகமா வச்சுட்டு நகந்துரணும்னு, அதச் சொல்லாமலே இருந்திருக்கலாம்லே. சம்பளம் வீட்டுக்கு அனுப்பவே சரியாப் போவுது, டிப்ஸ்லதான் என் சாப்பாடு ஓடுதுன்னும் சொன்னியாம், அது மனுசன் மனசுல ஆணி அடிச்ச மாதிரி இறங்கிருச்சு. அன்னையில இருந்து கண்டவுகளுக்கெல்லாம் கொடுக்காக. புரோட்டாக் கடையில கொடுத்தாக, சரி. ஆஸ்பத்திரியில டோக்கன் கொடுக்கிற பிள்ளைக்கு நீட்டப் போயி, அது லஞ்சம்னு நினைச்சு சத்தம் போட்டிருச்சு. மினிபஸ் கண்டக்டர் கையில மடிச்சு வச்சா அந்த ஆளு இன்னொரு டிக்கெட்டக் கிழிச்சுக் கொடுத்துட்டுப் போயிட்டான். சொன்னா, நம்ம பையனுக்கும் எவனாவது இப்படிக் கொடுக்கணும்லாங்காக. இதுக்கு நான் என்னத்தச் சொல்ல.

ஞாயித்துக்கிழமை இசைவாணிக்குப் பூ வச்சாச்சுன்னு மட்டும் போன்ல சொன்னேன்ல, மிச்சத்தக் கேளு. மாப்பிள்ளை அன்பரசன் வீட்டுல திருத்தங்கல்ல பிரஸ் வச்சிருக்காக, வசதியானவுக. விசேஷத்த சிவகாசியில ஓட்டல் ஹால்லயே வச்சுக்கிடுவோம், செலவு எங்களோடதுன்னு மாப்பிள்ளையோட தாய்மாமா ரத்தினசாமிதான் பிடிவாதமா நின்னாராம். அவர நாங்க அதுவரைக்கும் கண்ணால பாத்ததில்ல. வேன விட்டு இறங்குனா வாசல்ல ஒருத்தர், அந்த வெயில்ல கருப்புக் கோட்டு, கழுத்துல டை, வாங்க வாங்கன்னு கும்பிட்டுட்டு என் கையில இருந்த பழக்கூடைய வாங்கிட்டு முன்னால நடந்தாரு. உங்கய்யா பின்னாடியே போயி, நீ சொன்ன மாதிரியே அம்பது ரூவா நோட்ட மடிச்சு, சிரிச்ச முகமா அவரு கோட்டுப் பையில சொருகி, டீ சாப்பிடுங்க தம்பின்னுட்டாக. அவருதாம்லே ரத்தினசாமி. வந்திருந்த சனம் அம்புட்டும் பாத்துச்சு, யாரோ ஒருத்தி களுக்குன்னு சிரிச்சும்புட்டா, அந்த மனுசன் முகம் செவந்து போச்சு.

தெரியாம நடந்துபோச்சுன்னு நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அவரு என்னைய ஏறிட்டும் பாக்கல. உங்கய்யாவப் பாத்து, என்னப் பாத்தா ஓட்டல்ல எச்சித்தட்டு எடுக்கிற பய மாதிரியா தெரியுது, இத்தன பேரு முன்னாடி மன்னிப்புக் கேளுங்கன்னாரு. கேட்டுத் தொலைச்சிருக்கலாம்லா? மாட்டேனுட்டாக. ஆள் தெரியாமக் கொடுத்ததுக்கு வேணா மன்னிப்புக் கேக்கேன், ஓட்டல்ல வேலை பாக்கிறவர்னு நினைச்சதுக்குக் கேக்க மாட்டேன், என் மகன் துபாய்ல ஓட்டல்லதான் ரூம் கூட்டி மெத்தை விரிக்கான், அது கேவலம்னு என் வாயால சொல்ல மாட்டேன்னுட்டாக. கல்யாணத் தரகர் அவுககிட்ட உன்ன மேனேஜர்னுல்லா சொல்லி வச்சிருந்தாரு. ரத்தினசாமி பூத்தட்டத் தொடாமலே போயி கார்ல ஏறிட்டாரு, கூடவே பாதி சனம் எந்திரிச்சிருச்சு. இசைவாணி பட்டுச்சேலையோட உக்காந்திருக்கா, கண்ணுல தண்ணி முட்டுது, ஆனா அய்யாவ ஒரு வார்த்தை குறை சொல்லல.

கூடப்பொறந்த தம்பி இல்லாம எப்படிப் பூ வைக்கன்னு மாப்பிள்ளையோட அம்மா தயங்கி நிக்காக. அப்ப அன்பரசன் எந்திரிச்சு வந்து உங்கய்யா முன்னாடி நின்னு, மேனேஜர்னு சொன்னது பொய்யான்னு கேட்டாரு. ஆமான்னாக. வேற ஏதாவது பொய் இருக்கான்னாரு. இல்லன்னாக. அப்பப் பூ வைங்கம்மான்னு சொல்லிட்டுப் போயி உக்காந்துட்டாரு. அதுக்குப் பிறகுதான் அவுக இசைவாணி தலையில பூ வச்சாக.

தையில கல்யாணம். ஆனா அந்தத் தாய்மாமா மணமேடைப் பக்கமே வரமாட்டேன்னு நிக்காரு. உங்கய்யா நேத்து அவரு வீட்டு வாசல்ல போயி நின்னாக, கதவத் திறக்கல. அதனால நீ ஒரு வாரம் முன்னாடியே லீவு போட்டு வா. வந்ததும் பத்திரிகைய எடுத்துக்கிட்டு நீயே அங்கன போ. மேனேஜர் பேச்செல்லாம் வேண்டாம். ஓட்டல்ல ரூம் வேலை பாக்கிற காளீஸ்வரன் வந்திருக்கேன் மாமா, எங்கய்யா எனக்குக் கொடுக்கிறதா நினைச்சுத்தான் உங்களுக்குக் கொடுத்தாகன்னு சொல்லு. அதுக்கு மேல அவரு பாடு.

ஏசியிலயே கிடக்காத, எண்ணெய் தேச்சுக் குளி. நீ தீர்க்காயுசா, நல்ல பேரோட இருக்கணும் ராசா. லீவு கிடைச்சதும் போன் போடு. உங்கய்யா எடுத்தாகன்னா நீ ஒண்ணும் ஏசிராத, நான் ஏசுறதே போதும்.

இப்படிக்கு,
உன் அம்மா
வள்ளித்தாய்